இருபதாம் தேதிக்குப் பிறகு பருப்பு இல்லை

மாத முதல் வாரத்தில் மளிகைக் கடையில் நிற்பவரும் கடைசி வாரத்தில் நிற்பவரும் ஒரே பெண்தான். கேட்கும் அளவுதான் மாறிவிடுகிறது. ஐந்தாம் தேதி, ‘துவரம்பருப்பு ஒரு கிலோ, உளுந்து ஒரு கிலோ’ என்று சிட்டையைப் பார்த்துப் படிப்பவர், இருபதாம் தேதிக்கு மேல் சிட்டை இல்லாமல் வருகிறார்.

“அண்ணாச்சி, பருப்பு ஒரு நூறு போடுங்க. எண்ணெய் அம்பது ரூபாய்க்கு.”

“நோட்டுல எழுதிக்கவாம்மா?”

“எழுதிக்குங்க. ஒண்ணாந்தேதி சேர்த்துத் தர்றேன்.”

அந்த நூறு கிராம் பருப்பில் நான்கு பேருக்குச் சாம்பார் வைக்க வேண்டும். காலையில் வைத்தது இரவு வரை வர வேண்டும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் சேர்கிறது. அடியில் தங்கும் கெட்டி குழந்தைகளின் தட்டுக்குப் போகிறது. எல்லாரும் கைகழுவிய பிறகு சாப்பிட உட்காரும் தாய்க்கு மேலே நிற்கும் தெளிவுதான். தட்டு நிறையச் சோறு இருக்கிறது. பட்டினி என்று யாரும் சொல்ல முடியாது. அபாயச் சங்கு ஊதப்படாமல் இருப்பதற்குக் காரணமே அதுதான்.

2011 முதல் தமிழகத்தின் ரேஷன் கடைகளில் அரிசி இலவசம். வயிறு காய்ந்து படுக்கும் நிலையிலிருந்து கோடிக்கணக்கானவர்களைக் காத்த திட்டம் இது என்பதில் நமக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் வயிறு நிறைவதும் உடம்பு தேறுவதும் ஒன்றாகிவிடுமா? 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். தமிழகத்தில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. முந்தைய ஆய்வில் குழந்தைகளின் கணக்கு 50.7 சதவீதமாக இருந்தது. குறைய வேண்டியது ஏறியிருக்கிறது. நான்கில் ஒரு குழந்தைக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. அதே ஆய்வு, பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அதிக எடையுடன் இருப்பதாகவும் சொல்கிறது. ரத்தம் இல்லை, எடை கூடிக்கொண்டே போகிறது. சோறும் சர்க்கரையும் எண்ணெயும் வயிற்றை நிரப்ப, பருப்பும் கீரையும் முட்டையும் தட்டிலிருந்து விலகிப் போனால் உடம்பு இப்படித்தான் ஆகும்.

ஏன் விலகுகின்றன? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னைப் புறநகரில் கணவன், மனைவி, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள். மாதம் 20,000 ரூபாய் வருகிறது. வாடகை 6,000. குழுக் கடன் தவணை 3,500. பள்ளிச் செலவும் பஸ் செலவும் 1,500. கேஸ், கரண்ட், தண்ணீர் 1,700. பெட்ரோல், மருந்து 1,500. போன் 600. மிஞ்சுவது 5,200 ரூபாய். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 43 ரூபாய். மூன்று வேளைக்கும் அதுதான்.

இந்தப் பட்டியலில் எதில் கை வைக்க முடியும்? வாடகை ஒரு நாள் தள்ளினால் வீட்டுக்காரர் வாசலில் நிற்பார். தவணை தள்ளினால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் முன்னால் தலைகுனிய வேண்டும். கரண்ட் பில் கட்டாவிட்டால் ஃபியூஸ் பிடுங்கிவிடுவார்கள். கேட்க ஆள் இல்லாத, கேள்வி வராத ஒரே செலவு அடுப்படிச் செலவு. காய்ச்சல் வந்தாலும், சொந்தத்தில் ஒரு காதுகுத்து வந்தாலும், வண்டி பஞ்சரானாலும் வெட்டு விழுவது அங்கேதான். அரிசி இலவசம் என்பதால் சோறு குறையாது. வெட்டு நேராகப் பருப்பு டப்பாவில் விழுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 250 கிராம் தானியம், பருப்பும் முட்டையும் மீனும் இறைச்சியும் சேர்த்து 85 கிராம், 400 கிராம் காய்கறியும் கீரையும், 100 கிராம் பழம், 300 மில்லி பால் அல்லது தயிர் என்று சொல்கிறது. அரசு ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பை 30 ரூபாய்க்குத் தருகிறது. நால்வர் குடும்பத்தில் அதைப் பங்கிட்டால் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம். ஒரு மேசைக்கரண்டியைக்கூட நிரப்பாது. அதுவும் மாதம் தவறாமல் கிடைத்தால்தான். 2024இல் மே மாதப் பருப்பும் பாமாயிலும் பல கடைகளுக்கு வந்து சேராமல், அடுத்த மாதத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசே அறிவிக்க நேர்ந்தது. ஜூனில் வாங்கிய பருப்பு ஜூனுக்குத்தான் ஆகும். மே மாதம் சாப்பிடாமல் போனது போனதுதான்.

அப்படியானால் 43 ரூபாயில் ஒன்றும் செய்ய முடியாதா? முடியும். ஆனால் வாங்கும் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். பருப்பு, பயறு, நிலக்கடலை, கேழ்வரகு ஆகியவற்றை முழு மாதத்துக்கும் முதல் தேதியிலேயே வாங்கி டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும். ரேஷன் பருப்பு ஒரு கிலோ, உளுந்து ஒரு கிலோ, பாசிப்பயறும் கொள்ளும் கொண்டைக்கடலையும் சேர்த்து மூன்று கிலோ. மொத்தம் ஐந்து கிலோ. ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 கிராமைத் தாண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆளுக்கொரு முட்டை என்றால் மாதம் 60 முட்டை. ஏழு ரூபாய் விலையில் 420 ரூபாய். வாரம் ஒருநாள் மத்தி மீன், இல்லையென்றால் கருவாடு. வஞ்சிரத்தில் இருக்கும் புரதம் மத்தியிலும் இருக்கிறது. விலை மட்டும்தான் இல்லை. இவ்வளவையும் கூட்டினால் வழிகாட்டி சொல்லும் 85 கிராமை எட்டிவிடலாம்.

கொள்ளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குதிரைக்குப் போடுவது என்று நகரத்துக் குடும்பங்கள் ஒதுக்கிவைத்த கொள்ளில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கிறது. துவரம்பருப்புக்கும் அதே கணக்குதான். கொங்கு வீடுகளில் கொள்ளுப் பருப்பைக் கடைந்து சோற்றில் பிசைவார்கள், வடித்த நீரில் ரசம் வைப்பார்கள். துவரை விலை ஏறும் மாதங்களில் அந்த வழியைப் பிடித்துக்கொள்ள யாருக்கும் தடையில்லை. பாசிப்பயறை இரவு ஊறவைத்து, மறுநாள் ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் முளை விடும். பயறில் இல்லாத வைட்டமின் சி முளையில் வந்து சேர்கிறது, காசு செலவில்லாமல்.

கேழ்வரகுக்கும் அரிசிக்கும் சுண்ணாம்புச் சத்தில் ஒப்பீடே கிடையாது. நூறு கிராம் கேழ்வரகில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல். அரிசியில் பத்துக்கு முன்னே பின்னே. வாரத்தில் மூன்று நாள் காலையில் கூழோ களியோ அடையோ என்று வைத்துக்கொண்டால், பால் அரை லிட்டரோடு நிற்கும் வீட்டில் அந்தக் குறையில் ஒரு பகுதி சரியாகும். முருங்கைக்கீரையை எல்லாரும் புகழ்கிறார்கள். புகழ்கிற அளவுக்குச் சமைப்பதில்லை. ஆய்வதற்கு நேரம் இல்லை என்பதுதான் உண்மை. வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்பும் பெண்ணிடம் ஒரு கட்டு முருங்கையைக் கொடுத்து ‘இரும்புச்சத்து’ என்று பாடம் எடுப்பது நியாயமில்லை. கீரை ஆய்வது வீட்டில் உள்ள ஆணுக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்த வேலையாக வேண்டும். இதையும் சத்துணவுத் திட்டமிடலின் ஒரு பகுதியாகவே நாம் சொல்கிறோம்.

சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தேநீரில் உள்ள டானின் தடுக்கிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். கீரைப் பொரியலில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாலோ, தட்டோரம் ஒரு நெல்லிக்காயை வைத்தாலோ அதே இரும்பு கூடுதலாக உடம்பில் சேரும்.

அடுத்தது பத்து ரூபாய் பாக்கெட். மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நாட்டில் கிராமப்புறக் குடும்பத்தின் மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கு, பானங்களுக்கும் கடைத் தின்பண்டங்களுக்கும் தயார்நிலை உணவுக்கும் போகிறது. நகரத்தில் அது 11 சதவீதம். உணவு வகைகளிலேயே அதிகம் செலவாவது இதற்குத்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தினம் ஆளுக்கொரு பத்து ரூபாய் பாக்கெட் என்றால் மாதம் 600 ரூபாய். அந்தப் பணத்துக்கு 85 முட்டை வரும். இருவருக்கும் தினம் ஒன்று கொடுத்த பிறகும் 25 மிஞ்சும். இதைச் சொல்லித் தாய்மாரைக் குறைகூற நமக்கு மனமில்லை. செருப்பு கேட்டால் இல்லை, சைக்கிள் கேட்டால் இல்லை, சுற்றுலா கேட்டால் இல்லை என்று நாளெல்லாம் மறுத்துக்கொண்டே இருப்பவருக்கு ‘சரி, வாங்கிக்கோ’ என்று சொல்ல முடிகிற ஒரே பொருள் கடை வாசலில் தொங்கும் அந்தப் பாக்கெட்தான். குற்றம், அதை ஒவ்வொரு பள்ளி வாசலிலும் தொங்கவிட்ட வியாபாரத்தின் மேல்தான். அதனால்தான் பாக்கெட்டுக்குப் பதிலாகக் கையில் கொடுக்க, பிள்ளை ஆசைப்பட்டு வாங்கிக்கொள்ளக்கூடிய ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். வெல்லப் பாகில் பிடித்த கடலை உருண்டை பதினைந்து நாள் கெடாமல் இருக்கும்.

பிள்ளை உயரமாக வளரும் என்று நம்பிப் பற்றுநோட்டில் எழுதி வாங்கும் பானப் பொடிகளையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. அவற்றில் பலவற்றில் சர்க்கரையே பெரும்பங்கு. ‘ஆரோக்கிய பானம்’ என்ற பிரிவில் இவற்றை வைத்து விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய வணிகத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. தெருமுனைக் கடைக்கு அந்த அறிவுரை இன்னும் வந்து சேரவில்லை. ஒரு டப்பா பொடியின் காசுக்கு இரண்டு கிலோ நிலக்கடலை வாங்கலாம். ஒவ்வொரு கிலோவிலும் 250 கிராம் புரதம்.

இவ்வளவு கவனமாகச் செய்தும் ஒன்று எட்டாது. ஆளுக்கு 400 கிராம் என்றால் வீட்டுக்குத் தினம் 1.6 கிலோ காய்கறி. பருப்பு, முட்டை, பால், மீன், மளிகை எல்லாம் போக இந்தக் குடும்பத்திடம் காய்க்கும் கீரைக்கும் மிஞ்சுவது நாளுக்கு ஏறக்குறைய 45 ரூபாய். 2023 ஜூலையில் தக்காளி மட்டுமே கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. தேவையில் பாதிக் காய் கிடைத்தால் அதிர்ஷ்டம். வீட்டில் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் திட்டமிட்டாலும் அந்த மறுபாதிக்குப் பணம் இல்லை. சிக்கனத்தைப் போதிப்பவர்கள் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு கணக்கைப் பார்க்க வேண்டும்.

எனவே அரசிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறோம். ரேஷன் பருப்பை மாதம் ஒரு கிலோவிலிருந்து மூன்று கிலோவாக உயர்த்த வேண்டும். அதில் ஒரு கிலோ கொள்ளாகவோ பாசிப்பயறாகவோ இருக்கலாம். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023இல் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். விரும்பும் குடும்பங்களுக்கு எல்லா மாவட்டத்திலும் அது கிடைக்க வேண்டும். பருப்பு வரத்து ஒரு மாதம் தவறினால், அதற்கான பணத்தை அந்த மாதமே குடும்ப அட்டைதாரருக்குச் செலுத்த வேண்டும். மகளிர் உரிமைத் தொகையான ஆயிரம் ரூபாய் பல வீடுகளில் வந்த வேகத்தில் தவணைக்குப் போய்விடுகிறது. குழுக் கடனின் வட்டியையும் வசூல் முறையையும் கட்டுக்குள் கொண்டுவராமல் அடுப்படியைக் காப்பாற்ற முடியாது.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று உண்டு. 1956இல் காமராஜரின் ஆட்சியில் தொடங்கிய பள்ளி மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2010 முதல் வாரம் ஐந்து முட்டை. 2022 முதல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு உறுதியாகக் கிடைக்கும் புரதம் இன்று பள்ளிக்கூடத்தில்தான் கிடைக்கிறது. மே மாதம் அந்த அடுப்பு அணைந்துவிடுகிறது. இரண்டு பிள்ளைகளின் காலை உணவும் மதிய உணவும் ஒரே நாளில் வீட்டுக் கணக்கில் ஏறுகின்றன. வருமானம் பழைய 20,000தான். பத்தாம் தேதியிலேயே பருப்பு டப்பா காலியாகும் மாதம் அது. கோடை விடுமுறை தொடங்கும் நாளன்று சத்துணவு உண்ணும் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் முப்பது முட்டையும் இரண்டு கிலோ பயறும் போய்ச் சேர வேண்டும். பள்ளியில் சமைக்கப்பட்டிருக்க வேண்டிய உணவு அது. பெரும் தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது சத்துணவுக்கான அரிசியையும் பருப்பையும் பிள்ளைகளின் குடும்பங்களிடம் கொடுத்தார்கள். கொடுக்கத் தெரியும் என்பது அப்போதே நிரூபணமாகிவிட்டது.