டீஜேக்கு அடுத்து எந்த மென்பொருள்?



"சேர், வேர்ச்சுவல் டீஜே பழகியாச்சு, இனி எதைப் போடுற?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் என் கருத்து.

டீஜே மென்பொருள் மற்றவர் ஆக்கிய பாட்டுகளைக் கோர்க்கும். அடுத்த படியில் நாமே ஆக்க வேண்டும். அதனால் "எது பெரிசு?" என்று பார்க்காமல், "நான் என்ன செய்யப் போறேன்?" என்று முதலில் முடிவெடுங்கள்.

தாளமும் மெட்டும் கட்டிப் பழக எல்எம்எம்எஸ் போதும். முழுக்க இலவசம். ஆனால் மைக்கில் குரல் பதிய அது சரிவராது. குரலுக்கு ரீப்பர் நல்லது. 60 நாள் முழுமையாகப் பாவித்துப் பார்க்கலாம், பிறகு சொந்தப் பாவனைக்கு 60 டொலர். எஃப்எல் ஸ்டூடியோவின் மலிவான ஃபுரூட்டி பதிப்பில் குரல் பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதன் இலவச மாதிரியில் சேமித்த வேலையைத் திரும்பத் திறக்கவும் முடியாது. காசு கட்டுமுன் இதைக் கவனியுங்கள்.

"எல்லாரும் கிராக் தானே போடுறாங்க" என்கிறார்கள். ஒருவரின் உழைப்பைக் கேட்காமல் எடுப்பது ஹலாலா? அதோடு வைரஸும் வீட்டுக் கொம்பியூட்டருக்குள் வரும். இலவசமாக நல்லது இருக்கும்போது அது எதற்கு?

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், வழக்கொழிந்த யாழின் சுரங்களைக் கணக்குப் போட்டே ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலைத் தந்தார். நம் பக்கத்து உம்மம்மாமாரின் கவிகளும் இன்று மறைந்து வருகின்றன. பிள்ளைகளே, முதல் பதிவு அதுவாக இருக்கட்டும்.