ஓடினவனைத் திட்டுறதுக்கு முன்னாடி கடன் கணக்கைப் பாருங்க

ஒரு நாட்டோட பொருளாதாரம் ஆட்டம் கண்டா, "வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பணத்தை எடுத்துட்டு ஓடிட்டாங்க, அதான் எல்லாம் போச்சு"ன்னு சொல்வாங்க. என் கருத்து வேற. அவங்க ஓடுறது கடைசி சீன். படம் அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும்.

1997 தாய்லாந்தை எடுத்துக்கோங்க. ஒரு டாலருக்குச் சுமார் 25 பாட்னு அரசாங்கமே மதிப்பைப் பிடிச்சு வெச்சிருந்தது. உள்ளூர்ல வட்டி அதிகம், டாலர் கடனுக்கு வட்டி கம்மி. அதனால வங்கிகளும் நிதி நிறுவனங்களும் டாலர்ல குறுகிய காலக் கடன் வாங்கி, பாங்காக்ல அடுக்குமாடி கட்டுறவங்களுக்குக் கொடுத்தாங்க. யோசிச்சுப் பாருங்க: கடன் கொடுத்தவன் சில மாசத்துல திருப்பிக் கேட்கலாம், கட்டடம் பணமாக மாற வருஷக்கணக்குல ஆகும். வருமானம் பாட்ல, கடன் டாலர்ல!

1996-ல் ஏற்றுமதி படுத்துருச்சு, வீடுகளும் விற்கலை. முதலீட்டாளர்கள் கிளம்ப ஆரம்பிச்சாங்க. மத்திய வங்கி கையிருப்பு டாலரைக் கொட்டிப் பார்த்துட்டு, 1997 ஜூலை 2-ல் கையை விரிச்சது. 1998 ஜனவரியில டாலர் 50 பாட்டைத் தாண்டிருச்சு. புதுசா ஒரு பைசா வாங்காமலே கடன் ரெண்டு மடங்கு! 56 நிதி நிறுவனங்களுக்கு நிரந்தரமா பூட்டு. பங்குத் தரகரா இருந்து, சொகுசு வீடு கட்டி விற்க இறங்கின சிரிவாட், கடைசியில கழுத்துல பெட்டியை மாட்டிக்கிட்டு பாங்காக் தெருவுல சாண்ட்விச் வித்தார்.

அப்போ முதலீட்டாளர்கள் மேல தப்பே இல்லையா? இருக்கு. நல்ல காலத்துல கண்ணை மூடிட்டுக் கொடுத்தாங்க, பயம் வந்ததும் கூட்டமா ஓடினாங்க. ஆனா பயந்தா ஓடுறதுதான் பணத்தோட குணம். அது ஓடாதுன்னு நம்பி வீடு கட்டினது யார் தப்பு?

இதை உங்க வீட்டுக்கும் பொருத்திப் பாருங்க. பெர்சனல் லோன் எடுத்து மனை வாங்குறதும், கிரெடிட் கார்டு காசுல ஷேர் வாங்குறதும் குட்டித் தாய்லாந்துதான். இஎம்ஐ அடுத்த மாசமே வந்து நிக்கும். மனை நீங்க நினைச்ச நேரத்துல விற்காது.

அதனால அடுத்த தடவை கடன் வாங்குறப்போ வட்டியை மட்டும் பார்க்காதீங்க. கட்ட வேண்டிய தேதியையும், போட்ட பணம் கைக்கு வர்ற தேதியையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க. ரெண்டும் ஒத்துப்போகலைன்னா, அந்தக் கடன் வேண்டாம்.