கொழுப்பு நார்மல், பிறகு ஏன் மாரடைப்பு?

“கொழுப்பு நார்மல்னுதானுங்க ரிப்போர்ட்ல இருந்துச்சு, அப்புறம் எப்படிங்க அட்டாக் வந்துச்சு?” கோவையில் எந்த மருத்துவமனையின் இதயப் பிரிவு வாசலில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவரின் கணவரோ அண்ணனோ பெரும்பாலும் ஐம்பதை ஒட்டிய வயதுக்காரர். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், பிற நாட்டவரைவிட ஆறு ஆண்டுகள் முந்தி வருகிறது என்று இன்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. கேள்வி நியாயமானது. விடையின் ஒரு முக்கியப் பகுதி, அந்த ரிப்போர்ட்டில் அளக்கப்படாத அழற்சியில் இருக்கிறது.

ரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பு படிவது தொடக்கம் மட்டுமே. அதை விழுங்க வரும் வெள்ளணுக்கள் அங்கேயே தங்கி, மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அழற்சியை நீட்டிக்கின்றன. படிவின் மேல்மூடி மெலிந்து ஒருநாள் கிழிகிறது. அதன் மேல் ரத்தம் உறைந்தால் அதுவே மாரடைப்பு. இந்த அழற்சியின் தூண்டுதலால் கல்லீரல் சுரக்கும் புரதம்தான் சிஆர்பி. 1930இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் முதலில் கண்டறியப்பட்ட இதை 1997இல் இதயத்தோடு சேர்த்துப் பார்த்தவர் பாஸ்டனைச் சேர்ந்த பால் ரிட்கர். நலமாக நடமாடிய ஆண்களில் இது சற்றுக் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு அதிகம் வந்தது என்று அவர் காட்டினார். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே குறைந்த ஆபத்து, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3க்கு மேல் அதிகம் என்ற வரையறை 2003இல் வந்தது.

அழற்சி மாரடைப்புக்குக் காரணமா, வெறும் அடையாளமா என்ற சந்தேகத்தைத் தீர்த்தது 2017இல் வெளியான கான்டோஸ் ஆய்வு. மாரடைப்பு வந்து மீண்ட பத்தாயிரம் பேரிடம், கெட்ட கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கும் ஊசி மருந்து சோதிக்கப்பட்டது. மறு மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை சேர்ந்து 15 சதவீதம் குறைந்தன. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின. காசநோய் நிறைந்த நம் நாட்டில் அந்த வழியை நினைத்துப் பார்க்கவே தயக்கம் வர வேண்டும். மரபணு ஆய்வுகள் இன்னொன்றையும் தெளிவாக்கின: சிஆர்பி தானாகக் குழாயைக் கெடுப்பதில்லை, அதைச் சுரக்கத் தூண்டும் இன்டர்லூகின்-6 பாதையில்தான் வினை இருக்கிறது. ஆகவே அந்த எண்ணைக் குறைப்பதே குறிக்கோள் ஆகாது. அது எதனால் ஏறியது என்று தேட வேண்டும்.

அவிநாசி சாலையில் விற்கப்படும் ‘மாஸ்டர் செக்கப்’ தொகுப்புகளில் எனக்குள்ள மனக்குறை இங்கேதான். கொரோனா காலத்தில் சிஆர்பி என்ற பெயர் வீட்டுக்கு வீடு பழகிவிட்டது. ஆனால் அன்று பார்த்தது சாதாரண சிஆர்பி. இதயத்துக்கு வேண்டியது நுண்ணிய அளவையும் காட்டும் எச்எஸ்-சிஆர்பி. ஒரு பரிசோதனைக் கூடம் லிட்டர் கணக்கிலும் இன்னொரு கூடம் டெசிலிட்டர் கணக்கிலும் அச்சிடும், டெசிலிட்டரில் 0.3 என்பதும் லிட்டரில் 3 என்பதும் ஒன்றே. முன்னதைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர் உண்டு. பல் வேர் சீழ் பிடித்திருந்தாலும், போன வாரம் டெங்கு வந்து போயிருந்தாலும் எண் எகிறும். 10ஐத் தாண்டினால் தொற்றைத் தேடி, அது தணிந்தபின் மறுபடி எடுக்க வேண்டும். இதையெல்லாம் உட்கார்ந்து சொல்ல ஒருவர் இல்லாத பரிசோதனை, காசுக்கு வாங்கிய கவலைதான்.

கொங்கு மண்ணில் அழற்சியின் ஊற்றுக்கண்கள் தெரியாதவை அல்ல. ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2023இல் தந்த கணக்குப்படி தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். உடல் கொழுப்புக்கும் சிஆர்பிக்கும் உள்ள தொடர்பைச் சென்னையின் கியூர்ஸ் ஆய்வு 2005லேயே சொல்லிவிட்டது. புகைப்பழக்கமும், கவனிக்காமல் விட்ட ஈறு நோயும் இதோடு சேர்கின்றன. நூற்பாலையில் ப்ளோ ரூமிலும் கார்டிங்கிலும் நிற்பவர் மூச்சோடு இழுக்கும் பஞ்சுத் தூசியில் பாக்டீரியா நச்சு கலந்திருக்கிறது. அது நுரையீரலில் அழற்சியைக் கிளப்புகிறது. இரவு ஷிப்ட் அவர் தூக்கத்தைத் தின்கிறது. செக்கப் தொகுப்பை வாங்குபவர் முதலாளி வீட்டுக்காரர்; ஆபத்து சூழ வேலை செய்பவர் அந்த வாசலுக்கே வருவதில்லை.

மாரடைப்பு வந்த பிறகு என்ன செய்வது என்பதில் இந்த ஊர் நாட்டுக்கே வழிகாட்டியது. கோவை மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முல்லசாரியும் நடத்திய தமிழ்நாடு ஸ்டெமி திட்டம், சிறு மருத்துவமனைகளைப் பெரிய மையங்களோடும் ஆம்புலன்ஸோடும் இணைத்தது. 2017இல் வெளியான முடிவில், ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6லிருந்து 14.2 சதவீதமாக இறங்கியிருந்தது. அந்த ஒழுங்கில் பாதியாவது மாரடைப்புக்கு முந்தைய பத்தாண்டுக்கு வேண்டாமா?

அமெரிக்க இதயவியல் கல்லூரி 2025இல் எல்லோருக்கும் எச்எஸ்-சிஆர்பி பார்க்கலாம் என்றது. இங்கே அதை அப்படியே எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் இருக்கும்போது அவற்றுக்கே முதலிடம். அவற்றைப் பார்த்தும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தருவதா வேண்டாமா என்று மருத்துவர் தயங்கும் நடுத்தர ஆபத்துக்காரருக்கு இந்தச் சோதனை உண்மையிலேயே உதவும். கெட்ட கொழுப்பு 130க்குக் கீழும் எச்எஸ்-சிஆர்பி 2 அல்லது அதற்கு மேலும் இருந்த 17,802 பேரிடம் நடந்த ஜூபிடர் ஆய்வு 2008இல் வெளியானது. ஸ்டாட்டின் பெற்றவர்களில் இதயப் பாதிப்புகள் 44 சதவீதம் குறைந்தன.

மஞ்சள் விளையும் ஈரோட்டுப் பக்கத்தில் குர்குமின் மாத்திரையை இதய மருந்தாக நம்பி விழுங்குவோர் உண்டு; அது மாரடைப்பைத் தடுக்கும் என்று பெரிய ஆய்வு எதுவும் நிறுவவில்லை. அழற்சியை அடக்கும் கோல்சிசின் மருந்து பற்றிய முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன: 2019இல் பலன் தெரிந்தது, 2024இல் வெளியான பெரிய ஆய்வில் தெரியவில்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கும் மருந்தல்ல அது.

தொடங்க நல்ல இடம் சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனை. நாற்பதைத் தாண்டிய ஆலைத் தொழிலாளருக்கு ஆண்டுக்கொரு முறை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இடுப்பளவு, ஈறு ஆகியவற்றைப் பார்க்கட்டும். இடைநிலையில் நிற்பவருக்கு மட்டும் இரண்டு வார இடைவெளியில் இருமுறை எச்எஸ்-சிஆர்பி எடுத்து, முடிவை எல்லாக் கூடங்களும் லிட்டர் கணக்கிலேயே அச்சிடட்டும். எண் ஏறியே இருக்கும் தொழிலாளியின் கார்டிங் அறையில் தூசி உறிஞ்சி ஓடுகிறதா என்பதையும் அதே வாரத்தில் யாராவது போய்ப் பார்த்து எழுதட்டும்.