கவாத்து பண்ணாத ஆடிட்டர் ஆபீஸ்

மக்களே, இது ஆடிட்டர்களைத் திட்டி ஒரு பதிவு. கோபம் வந்தா பின்னூட்டத்துல வந்து மொத்திட்டுப் போங்க.

குன்னூர், ஊட்டி, கோத்தகிரி பக்கம் சின்னதா ஆபீஸ் போட்டிருக்கிற ஆடிட்டர் யாரையாவது புடிச்சு, "பத்து வருஷம் கழிச்சு உங்க ஆபீஸ் எப்படி சார் இருக்கும்?"னு கேளுங்க. "இருபதாம் தேதி ரிட்டர்ன் இருக்கு, முடிச்சிட்டுப் பேசலாம்"னு சொல்வார். அடுத்த மாசம் கேட்டாலும் அதே பதில்தான். இருபதாம் தேதிதான் மாசாமாசம் வருதே!

இந்தக் கெடு தேதி வேலையெல்லாம் அரசாங்கம் கொடுத்தது. கொடுத்த கை எடுத்துக்கவும் செய்யும். 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்தப்போ, 2 கோடிக்கு மேல வியாபாரம் இருந்தா ஆடிட்டர் சான்று கட்டாயம்னாங்க. நம்மாளுங்க அதை நம்பி ஆள் எடுத்தாங்க. 2021ல அந்த விதியையே தூக்கிட்டு, வியாபாரியே கையெழுத்துப் போட்டா போதும்னுட்டாங்க. வருமான வரி ஆடிட்லயும் அதே கதை. ரொக்கப் புழக்கம் 5 சதத்துக்குள்ள இருந்தா, 1 கோடியா இருந்த வரம்பு 2020ல 5 கோடி, 2021ல 10 கோடி. மின்னணு பில் 2020 அக்டோபர்ல 500 கோடி கம்பெனிகளுக்குத்தான் கட்டாயமா இருந்துச்சு. 2023 ஆகஸ்ட்ல 5 கோடிக்கு இறங்கியாச்சு. பில் நேரா போர்ட்டலுக்குப் போயிட்டா, அதை உக்காந்து டைப் அடிக்கிற பையனுக்கு என்ன வேலை?

"புதுசு புதுசா சட்டம் வந்துக்கிட்டேதானே இருக்கு, பொழப்பு ஓடும்"ங்கறாங்க. ஓடும்தான். ஆனா எந்த வேலை வரும், எது போகும்னு டெல்லியில முடிவாகறப்போ, நம்ம கையில இருக்கிறது என்ன?

தேயிலைக் கணக்கு இருக்கு! பச்சை இலையை மட்டும் விக்கிற சிறு விவசாயிக்கு அது விவசாய வருமானம், மத்திய வருமான வரி கிடையாது. சொந்தத் தோட்டத்து இலையில சொந்த ஃபேக்டரியிலயே தூள் போடற எஸ்டேட்டுக்கு 60 சதம் விவசாயம், 40 சதத்துக்கு வரி. வெளியில இலை வாங்கித் தூள் போடறவங்களுக்கு அந்த லாபம் முழுக்க வியாபார வருமானம். பச்சை இலைக்கு ஜிஎஸ்டி இல்லை, தூளுக்கு 5 சதம். இலை விலையோ குன்னூர் ஏலத்தைப் பாத்து ஏறி இறங்கும். இதெல்லாம் சேர்த்து யோசிச்சு, "இந்த வருஷம் மறுநடவு பண்ணலாமா, கடனை அடைக்கலாமா?"ன்னு விவசாயிக்குச் சொல்ற ஆள்தான் மலைக்கு வேணும்.

ஆனா அது தெரிஞ்சவர் பெரும்பாலும் ஆபீஸ்ல ஒருத்தர்தான். சீனியர். அவர் தலைக்குள்ள மட்டும் இருக்கு. ஜூனியர் பசங்க அஞ்சு வருஷம் என்ட்ரி போட்டுட்டு கோயம்புத்தூர் பஸ் ஏறிடறாங்க. அவங்களைக் குத்தம் சொல்லி என்ன பிரயோஜனம்? கத்துக் கொடுத்தாத்தானே நிப்பாங்க?

வழி தெரியலைன்னா ஜன்னலுக்கு வெளிய பாருங்க சாமி. தேயிலைச் செடியை நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா கவாத்து பண்ணுவாங்க. வெட்டின செடியில கொஞ்ச நாளைக்குக் கொழுந்து கிடையாது. அதுக்குத்தான் தோட்டத்தைப் பிரிச்சு, வருஷத்துக்கு ஒரு பாகம்னு வெட்டறாங்க. வருமானம் ஒரேயடியா படுக்காது, செடியும் பல தலைமுறைக்கு நிக்கும்.

ஆபீஸ்லயும் அப்படியே செய்யலாம். வெறும் ரிட்டர்ன் போடற வேலையில அஞ்சுல ஒரு பாகத்தை வருஷாவருஷம் விடுங்க. வியாபாரிக்கே போடக் கத்துக் கொடுங்க. மிச்சமாகற நேரத்துல ஜூனியரை ஃபேக்டரிக்கும் ஏலத்துக்கும் கூட்டிட்டுப் போங்க. தலைக்குள்ள இருக்கறதை எழுதி வைங்க. உங்களுக்கு அறுபத்தஞ்சு வயசாகற வரைக்கும் காத்திருக்காம, ஐம்பதுலயே ஒரு பங்குதாரரைச் சேருங்க.

"ஃபீஸ் குறையுமே?"ன்னு கேப்பீங்க. குறையும்தான். கவாத்து பண்ற வருஷம் எஸ்டேட்காரருக்கும் குறையுது. அவருக்கு அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுக்கறதே நீங்கதானே!