உழுதவன் கணக்குப் பார்க்கட்டும்!

பாலிங் என்ற பெயரைக் கேட்டதும் அரசியல் பேசுவோருக்கு 1955 டிசம்பரில் துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் எதிரெதிரே அமர்ந்து பேசிய பேச்சு நினைவுக்கு வரும். பாட்டாளிக்கோ 1974 நவம்பர் நினைவுக்கு வரவேண்டும். சாமான் விலை ஏற, ரப்பர் விலை இறங்க, பாலிங் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வீதிக்கு வந்தார்கள். மறுமாதம் கோலாலம்பூரில் மாணவர்கள் அவர்களுக்காக ஊர்வலம் போனார்கள். வந்தவர்கள் நிலமற்றவர்கள் அல்லர். சொந்தத் துண்டு நிலத்தில் பால் வெட்டியவர்கள். நிலம் இருந்தும் பசி வந்தது. ஒரே மரத்தை நம்பியிருந்தார்கள்; அந்த மரத்தின் பாலுக்கு விலை சொல்லும் உரிமை அவர்கள் கையில் இல்லை.

இப்போது இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலையிலிருந்து ஓய்ந்து சேமநிதிப் பணத்தைக் கையில் வாங்கும் நம் தோழர்கள் பலருக்கு ஓர் ஆசை. "ரெண்டு ஏக்கர் வாங்கி டுரியான், ரம்புத்தான், கொஞ்சம் காப்பி, நாலு முந்திரி வைத்துவிட்டால் கங்காணியும் இல்லை, பெரட்டும் இல்லை" என்கிறார்கள். ஆசையில் குற்றமில்லை. பிறர் மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக உழைத்தவனுக்கு ஒரு பிடி சொந்த மண் மீது ஆசை வருவது நியாயம். ஆனால், பெரட்டு இல்லாத இடத்தில் வேலையும் இல்லை என்று எண்ணுவது பெரும் பிழை.

பாலிங் பக்கத்தில் அப்படித் துண்டு நிலம் வைத்திருக்கும் ஒரு பெரியவரைக் கண்டோம். முன்பு பால் வெட்டியவர். "என்னண்ணே, மாசம் என்ன கிடைக்குது?" என்று கேட்டோம். "என்னமோ கிடைக்குது தம்பி, வண்டி ஓடுது" என்று சிரித்தார். அவர் மனைவிதான் உண்மையைச் சொன்னார்: "பெரட்டுக்குப் போன காலத்திலே மாசம் பொறந்தா சம்பளம் கைக்கு வரும். இப்ப ரெண்டு பேரும் விடிய விடிய உழைக்கிறோம். என்ன கூலின்னு கேட்டா எங்களுக்கே தெரியலே."

அந்த அம்மாள் சொன்னதில் மிகை இல்லை. டுரியான் பூ மாலையில் விரிந்து, இரவில் வௌவாலால் கருக்கொள்ளும். அந்த நாட்களில் பெருமழை பிடித்தால் பூ கொட்டிப்போகும். பிடித்த காய் பழுக்க மூன்று நான்கு மாதம். பழம் விழுவதோ பெரும்பாலும் இரவில். ஆகவே குடிசை போட்டுக் காவல் இருக்கவேண்டும்; இல்லையேல் குரங்கும் அணிலும் பங்கு கேட்கும். காப்பியோ ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரே கிளையில் பச்சையும் சிவப்பும் கலந்திருக்கும். சிவந்ததை மட்டும் பொறுக்கவேண்டும். நம் தாழ்நிலத்தில் வளரும் லைபீரிக்கா காப்பிக்குத் தோலும் சதையும் தடிப்பு. ஏறத்தாழ 10 கிலோ பழம் பறித்தால்தான் 1 கிலோ கொட்டை மிஞ்சும். முந்திரியின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் கையைப் பொசுக்கும். களை, உரம், கவாத்து, காட்டுப்பன்றி ஆகியவை தனி.

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது" என்பது பழமொழி. நம் மக்கள் இதைக் கணக்குப் பார்க்காதே என்ற உபதேசமாக எடுத்துக்கொண்டார்கள். நாம் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. உழுதவன் கணக்குப் பார்க்காததால்தான் வாங்குகிறவன் அவனுக்கும் சேர்த்துக் கணக்குப் பார்க்கிறான்!

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால் ஒரு நாள் கூலி சுமார் 65 வெள்ளி. கணவனும் மனைவியும் ஆறு நாள் காப்பி பறித்து, தோல் நீக்கி, காயவைத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அது 12 ஆள் நாள். கூலி 780 வெள்ளி. வியாபாரி 500 வெள்ளி கொடுத்தால், கையில் பணம் வந்ததுபோல் தோன்றும். உண்மையில் 280 வெள்ளி கூலியை நாமே அறுத்துவிட்டோம். தோட்டத்தில் நிர்வாகம் இப்படிச் செய்தால் சங்கத்துக்கு ஓடிவருகிறோம். வீட்டில் நம் மனைவியின் கூலியை நாமே அறுத்தால் யாரிடம் முறையிடுவது?

இரண்டாவது, ஒரே மரத்தை நம்பக் கூடாது. நம் முன்னோர் இலங்கைக்குக் கப்பலேறியது முதலில் காப்பித் தோட்டங்களுக்கே. 1869-ல் இலைத்துரு நோய் கண்டு சில ஆண்டுகளில் அந்தக் காப்பி அழிந்தது, தேயிலை வந்தது. மலாயாவிலும் துரைமார் முதலில் காப்பி வைத்தார்கள். 1890-களில் பிரேசில் காப்பி பெருகி விலை விழவே ரப்பருக்குத் திரும்பினார்கள். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஒவ்வொரு முறையும் முதலாளி மரத்தை மாற்றிக்கொண்டான்; மூட்டையைக் கட்டியவன் தொழிலாளி. இன்று முசாங் கிங் டுரியான் என்று ஊரே பேசுகிறது. 2024-ல் பச்சைப் பழத்துக்குச் சீனாவும் கதவு திறந்தது. நல்லதே. ஆனால் எல்லாரும் ஒரே கன்றை நட்டால் விலை என்றும் இப்படியே நிற்குமா? பழம் தரும் மரத்துக்கு இடையே காப்பி, ஓரத்தில் தென்னை, மாதாமாதம் கைச்செலவுக்குக் கொஞ்சம் ரப்பர் என்று வைப்பவன் ஒன்று கைவிட்டாலும் விழமாட்டான்.

மூன்றாவது, நிலத்துக்குக் கிராண்ட் பார்த்தபின் பணம் கொடுங்கள். மலாய் ஒதுக்கீட்டு நிலமா, தற்காலிக அனுமதி மட்டும் உள்ளதா என்று நில அலுவலகத்தில் விசாரியுங்கள். பகாங் ரவூப்பில் பட்டா இல்லாத அரசாங்க நிலத்தில் பல ஆண்டு டுரியான் வளர்த்தவர்களின் மரங்கள் 2025 ஏப்ரலில் வெட்டிச் சாய்க்கப்பட்டன. வாய்ப்பேச்சை நம்பிச் சேமநிதியைப் புதைக்காதீர்கள். மலைச்சரிவை மொட்டையாக வழிக்கவும் வேண்டாம். 2022 ஜூலை 4-ல் குப்பாங் வெள்ளம் மூன்று உயிர்களைக் கொண்டுபோனதை மறக்கலாகாது.

நான்காவதே முக்கியமானது: தனியாக விற்காதீர்கள். 1960-ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் தெருவில் நின்ற காலம். தொழிலாளி கட்டிய சிறு பங்குப் பணம் சேர்ந்து தோட்டங்களையே வாங்கிற்று. அதே புத்தி இன்றும் வேண்டும். பத்துக் குடும்பம் சேர்ந்தால் ஒரு வண்டி, ஒரு தராசு, காப்பிக்கு ஒரு காய்ச்சல் களம். பத்து மூட்டை ஒன்றாகப் போனால் வியாபாரி மரியாதையாகப் பேசுவான்.

கிராணிமார்களுக்கும் ஒரு சொல். தொழிலாளி கொண்டுவந்த பாலின் எடையை உங்கள் பேனா பல காலம் நிர்வாகத்துக்காக எழுதிற்று. ஓய்வுபெற்ற பின் அதே பேனாவை அக்கம்பக்கத்துச் சிறுதோட்டக்காரனுக்கு எழுதக் கொடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: நாள், வேலை, ஆள், விளைச்சல், விலை. அதில் மனைவியின் பெயரும் கூலியும் தனி வரியில் வரவேண்டும்.

தோழர்களே! மண் வாங்குங்கள், மரம் நடுங்கள். வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்தில் போராடிக் கற்ற இரண்டு பாடங்களை, ஒற்றுமையையும் கணக்கையும், லயத்திலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவை இரண்டும் இல்லாவிட்டால், சொந்த நிலத்திலும் நாம் குறைகூலிக்காரர்களாகவே இருப்போம்.