வழுக்கும் முன் வழுக்கக் கற்போம்!



நம் ஹாஸ்டல் அறைகளில் இன்று அதிகம் ஓடுகிற படம் எது தெரியுமா? செல்போனில் அரை நிமிடம் ஓடும் ஒரு வீடியோதான். புகை கிளப்பிக்கொண்டு ஒரு கார் பக்கவாட்டிலேயே போகும். முன்சக்கரம் ஒரு திசை, காரின் மூக்கு ஒரு திசை! டிரிஃப்ட்! பார்த்தவுடன் நமக்கும் கை பரபரக்கிறது. "மச்சி, ஒரு தடவையாவது நாமளும் போட்டுப் பார்த்துடணும்டா!"

போட்டும் பார்த்தோம். சென்ற மழைக்காலத்தில் என் வகுப்புத் தோழன் ஒருவன் தன் மாமாவின் ஆம்னி வேனை எடுத்து வந்தான். இரவு பத்தரை மணி. மழை விட்ட பைபாஸ் சர்வீஸ் ரோடு. பக்கத்து சீட்டில் நான். வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்து ஹேண்ட் பிரேக்கை இழுத்தான். வண்டி திரும்பியது. அதற்குப் பிறகு அது அவன் பேச்சைக் கேட்கவில்லை. நேரே சிமெண்ட் தடுப்பில் போய் முட்டியது. ஆம்னிக்கு முன்னால் பானெட் கிடையாது. நம் முழங்கால்தான் பம்பர்! அவனுக்கு வலது கால் எலும்பு முறிந்தது. ஒரு செமஸ்டர் தேர்வு போனது. எனக்கு நெற்றியில் ஐந்து தையல்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நாங்கள் முட்டி நின்ற அரை நிமிடத்தில் அதே இடத்தை ஒரு பெரியவர், பின்னால் மனைவியை உட்கார வைத்து மொபெட்டில் கடந்து வந்தார். "என்னப்பா ஆச்சு?" என்று இறங்கி ஓடி வந்ததும் அவர்தான். அவர் அரை நிமிடம் முன்னால் வந்திருந்தால்? அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

"ஆகவே மாணவர்களே, டிரிஃப்ட் பக்கமே போகாதீர்கள்" என்று உபதேசம் செய்யப் போகிறேன் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். என் கருத்து நேர் எதிர். வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும், அதிலும் ஆட்டோமொபைல், மெக்கானிகல் படிக்கும் நாம், இதைக் கற்கத்தான் வேண்டும். எங்கே, எந்த வேகத்தில், எந்த வரிசையில் என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

மன்னன் கதை

டிரிஃப்ட்டை ஒரு கலையாக வளர்த்தது ஜப்பான். குனிமிட்சு தகாஹாஷி முதலில் மோட்டார் சைக்கிள் வீரர். 1961-இல் கிராண்ட் பிரீ பந்தயம் ஒன்றை வென்ற முதல் ஜப்பானியர். பிறகு காருக்கு மாறி, 1970-களின் தொடக்கத்தில் நிஸான் ஸ்கைலைன் காரை வளைவுகளில் பின்பக்கம் வழுக்கவிட்டே ஓட்டினார். அதைப் பார்த்து மயங்கிய இளைஞர்களில் ஒருவர் கெய்இச்சி சுச்சியா. டொயோட்டா ஏ.இ.86 என்ற 1.6 லிட்டர் என்ஜின் கொண்ட, ஒரு டன்னுக்கும் குறைவான எடையுள்ள பின்சக்கர இழுவைக் காரை வைத்துக்கொண்டு மலைப்பாதைகளில் பழகினார். 1987-இல் வந்த ஒரு வீடியோ அவரை நாடறிய வைத்தது. உலகம் அவரை 'டிரிஃப்ட் மன்னன்' என்றது.

"பார்த்தியா! மன்னனே ரோட்டுலதான கத்துக்கிட்டாரு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கதையின் பாதியை மட்டும் படிக்கக் கூடாது. அந்த வீடியோவால் மன்னனின் லைசென்ஸே முடக்கப்பட்டது. அவருக்கு நிலையான பெயரைத் தந்தது பந்தயத் தளம்தான். 1995-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், தான் பார்த்து மயங்கிய அதே தகாஹாஷியோடு ஒரே காரை ஓட்டி, தங்கள் பிரிவில் முதலிடம் பெற்றார். டி1 கிராண்ட் பிரீ என்ற டிரிஃப்ட் போட்டி உருவாகவும் அவர் முக்கியக் காரணம். அந்தப் போட்டியில் யார் முதலில் வந்தார் என்று பார்ப்பதில்லை. கோணம், வேகம், பாதை ஆகியவற்றுக்கு மார்க் போடுகிறார்கள். ரோட்டில் பிறந்ததை ரோட்டிலிருந்து வெளியே கொண்டு வந்தவரும் அவர்தான். நாம் அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டாமா?

கணக்கு போட்டுப் பார்ப்போம்

டயரின் பிடிமானம் நமக்கு வீட்டிலிருந்து வரும் மாதப் பணம் மாதிரி. மெஸ் பில்லுக்கே முழுவதையும் கொடுத்துவிட்டால் பஸ்ஸுக்குக் காசு இருக்காது. வளைவில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் பின்சக்கரம் தன் பிடிமானத்தை முன்னே தள்ளுவதிலேயே செலவழித்துவிடுகிறது. பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள மிச்சம் இல்லை. வால் வழுக்குகிறது. அந்த வழுக்கலை ஸ்டியரிங்காலும் ஆக்ஸிலேட்டராலும் விழாமல் தாங்கிக்கொண்டே போவதுதான் டிரிஃப்ட். வேறு மந்திரம் ஏதும் இல்லை.

இதற்கு எவ்வளவு வேகம் வேண்டும்? முதலாண்டு பிஸிக்ஸ்தான்: மியூ, ஜி, ஆர் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். ஈரத்தரையின் மியூ 0.4, வட்டத்தின் ஆரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் விடை நொடிக்கு 6.26 மீட்டர். அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர் சொச்சம். நாம் சைக்கிளை வேகமாக மிதித்தால் போகிற வேகம்! அதுவே காய்ந்த ரோட்டில், மியூ 0.8, ஆரம் 50 மீட்டர் உள்ள வளைவு என்றால் மணிக்கு 71 கிலோமீட்டர். வேகம் மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். ஆனால் இயக்க ஆற்றல் 10 மடங்கு! தவறு ஒன்றுதான். அங்கே வண்டி ஒரு சுற்று சுற்றி நிற்கும். இங்கே மரத்தில் போய் நிற்கும்.

செங்கல் சூளையில் படித்த பாடம்

தையல் பிரித்த பிறகு இதை நான் இன்பிளாண்ட் டிரெயினிங் செய்த பட்டறை அண்ணனிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "தம்பி, ஞாயித்துக்கிழமை வா" என்றார், அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்தவரின் மூடிக் கிடக்கும் செங்கல் சூளை மைதானம். சுற்றிலும் ஆள் கிடையாது, மரம் கிடையாது, கம்பம் கிடையாது. டேங்கர் தண்ணீர் அடித்து நனைத்த களிமண் தரை. நடுவில் ஒரு பழைய லாரி டயர். வண்டி, அவருடைய பழைய கான்டெஸா. பின்சக்கர இழுவை. காருக்குள் கிடந்த ஜாக்கி, ஸ்பேனர், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுக்கச் சொன்னார். பெல்ட், ஹெல்மெட். கிளட்சை முழுதாக மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியே இருக்கும்படி சீட்டை முன்னே இழுக்கச் சொன்னார்.

முதல் பாடம் வட்டம். முதல் கியரில் டயரைச் சுற்றிச் சுற்றி வரவேண்டும். பிறகு ஆக்ஸிலேட்டரை ஒரு அழுத்து. வால் வெளியே போனது. நான் பயந்து காலை எடுத்தேன்; வண்டி வெடுக்கென்று நேராகி எங்கோ போனது. அடுத்த முறை காலை எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பத் தாமதம். வண்டி பம்பரமாகச் சுற்றித் திசை தெரியாமல் நின்றது. இப்படியே பதினைந்து, இருபது தடவை. நாக்கு தள்ளிவிட்டது!

"தம்பி, நீ டயரையே பாத்துக்கிட்டு இருக்க. கண்ணு எங்க போகுதோ கை அங்கதான் போகும். போக வேண்டிய எடத்தப் பாரு."

"ஸ்டியரிங் கையை விட்டு ஓடுதே அண்ணே!"

"அதோட மல்லுக்கட்டாத. விடு, அதுவே சுத்தும். நிக்க வேண்டிய எடத்துல மட்டும் புடி."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காஸ்டர் கோணம்! வீல் அலைன்மெண்ட் பாடத்தில் ஐந்து மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்து எழுதினேனே, அதுதான் இது. கார் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் முன்சக்கரம் தானாகவே திரும்பப் பார்க்கிறது. இரண்டு வருடம் புத்தகத்தில் புரியாதது இரண்டு நிமிடத்தில் உள்ளங்கையில் புரிந்தது.

இரண்டாம் பாடம், வால் உள்ளே திரும்பி வரும்போது ஸ்டியரிங்கையும் உடனே நேராக்குவது. தாமதித்தால் வண்டி எதிர்ப்பக்கம் சுண்டி வீசும். முதல் வழுக்கலில் தப்பியவர்களும் இந்த இரண்டாம் வீச்சில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மூன்றாம் பாடம், இரண்டு டயர்களைச் சுற்றி எட்டு. ஆர்.டி.ஓ. மைதானத்தில் டூ வீலருக்குப் போடச் சொல்வார்களே, அதே எட்டு! எட்டின் நடுவில் வண்டியின் எடை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்வதை உட்காரும் இடத்தில் உணரவேண்டும். இது மூன்றும் கைக்கு வந்த பிறகுதான் ஹேண்ட் பிரேக். அதற்கும் பிறகுதான் கிளட்சை உதைத்து வாலை வீசுவது. நாங்கள் ஆம்னியில் நான்காம் பாடத்தை முதல் பாடமாகப் படித்தோம்!

இன்னொன்று. இன்று நம் ரோட்டில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை. அதில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் சுற்றும். ஆனால் அந்த வழுக்கலை ஆக்ஸிலேட்டரால் தாங்கிக்கொண்டு போக முடியாது. அது டிரிஃப்ட்டே அல்ல. டயரும் கேபிளும் தேயும், அவ்வளவுதான். ஆம்னி பின்சக்கர இழுவைதானே என்றால், அது உயரம் அதிகம், அகலம் குறைவு. வழுக்கும்போது எதிலாவது தட்டினால் கவிழ்ந்துவிடும். நாங்கள் கவிழாதது யார் செய்த புண்ணியமோ!

என் கோரிக்கை

நார்வேயில் கார் லைசென்ஸ் எடுப்பவர் வழுக்கும் தளத்தில் பயிற்சி பெற்றே தீரவேண்டும். ஆஸ்திரியாவில் 2003 முதல் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு இத்தகைய பயிற்சி கட்டாயம். நோக்கம் அவர்களை ஹீரோ ஆக்குவதல்ல. ஒரு கார் எவ்வளவு சுலபமாகக் கைமீறிப் போகும் என்பதை ஆபத்தில்லாத இடத்தில் காட்டி, ரோட்டில் காலை அடக்கி வைக்கச் செய்வதுதான்.

நம் லேபில் டிஃபரென்ஷியலை அறுத்து வைத்திருக்கிறோம். பெயிண்ட் அடித்துப் பாகங்களின் பெயரும் எழுதியிருக்கிறோம். அது வேலை செய்யும்போது என்ன ஆகிறது என்பதை உணர்ந்தவர் நம்மில் எத்தனை பேர்? ஆகவே நம் மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இதுதான். செமஸ்டருக்கு ஒரு அரைநாள், ஆளில்லாத ஒரு மைதானம், ஒரு லாரி தண்ணீர், ஒரு பழைய பின்சக்கர இழுவைக் கார், பக்கத்து சீட்டில் ஒரு அனுபவசாலி. வேகம் 25-ஐத் தாண்டக் கூடாது. செலவு நம் டூருக்கு ஆவதில் பாதிகூட இருக்காது. இன்னும் ஆர்வம் உள்ளவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் பந்தயத் தளங்கள் இருக்கின்றன. பொதுச் சாலை மட்டும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 184, 189 பிரிவுகளுக்குப் பயந்து மட்டுமல்ல. மொபெட்டில் வந்த அந்தப் பெரியவருக்காக.

சென்ற மாதம் என் தோழனும் சூளைக்கு வந்தான். இன்னும் சற்று விந்தித்தான் நடக்கிறான். மாமா இன்றுவரை அவனிடம் சாவி கொடுப்பதில்லை. அண்ணன் கான்டெஸா சாவியை நீட்டியபோது அவன் கை நடுங்கியதைப் பார்த்தேன். ஒன்பது தடவை சுற்றி நின்றான். பத்தாவது தடவை வட்டம் முழுதாக வந்தது. இறங்கியவன் சொன்னது இதுதான்: "மச்சி, இருபது கிலோமீட்டர்லயே இப்படி இழுக்குதே... அன்னிக்கு நாம எவ்வளவுல போனோம்?"

அந்தக் கேள்வி ரோட்டுக்குப் போகும் முன்னே நம் எல்லோருக்கும் வரவேண்டும்.

நண்பா, வழுக்கக் கற்போம்... மைதானத்தில்! வழுக்காமல் வாழ்வோம்... சாலையில்!

– இறுதியாண்டு ஆட்டோமொபைல் மாணவன்