மல்லிகையை வெட்டும் மாதம்



இந்தக் கார்த்திகையில் உங்களிடம் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வீட்டுக் குண்டுமல்லியைக் கவாத்து செய்துவிடுங்கள். நவம்பர் கடைசி வாரம் அதற்குச் சரியான சமயம். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு, மேலே உள்ளதை வெட்டிவிடலாம். மழையில் குளித்துப் பச்சைப்பசேலென்று நிற்கும் செடியில் கத்தரியை வைக்க யாருக்குத்தான் மனசு வரும்! ஆனால் மல்லிகை புதுத்துளிரின் நுனியில்தான் அரும்பு கட்டும். பழைய கொம்பை அப்படியே விட்டால் செடி வளருமே தவிர, பங்குனியில் பூக்கூடை நிறையாது. வெட்டுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். காய்ந்த கொம்பு, நோய் பிடித்த கொம்பு எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் இலைகளையும் உருவிவிடுங்கள். பிறகு தூரைச் சுற்றிக் கொத்திவிட்டு, மட்கிய சாண எருவைப் போட்டால் போதும்.

ஆடியில் ஊன்றிய நாட்டு அவரை இத்தனை நாளும் கொடியும் இலையுமாகப் பந்தலை அடைத்துக்கொண்டு நின்றிருக்கும். காய்க்கவில்லையே என்று உரத்தை அள்ளிப் போடாதீர்கள். அது காத்திருந்தது நீண்ட இரவுகளுக்காக. பகல் குறுகினால்தான் நாட்டு அவரை பூவெடுக்கும். பூவோடு அசுவினியும் வந்து சேரும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். கொடியில் பொறிவண்டு தென்பட்டால் மட்டும் இரண்டு நாள் பொறுங்கள். அசுவினியைத் தின்பதே அதன் வேலை. காய்ப்பில் நல்ல கொத்துகள் சிலவற்றைப் பறிக்காமல் கொடியிலேயே நெற்றாக விடுங்கள். அடுத்த ஆடிக்கு விதை கடையில் தேட வேண்டாம்.

பனிக்காலத்தில் தொட்டிச்செடி வாடினால் உடனே குவளையைத் தூக்காதீர்கள். பெரும்பாலும் அது வேரழுகலாக இருக்கும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரமிருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். ஊற்றுவதையும் காலையிலேயே ஊற்றுங்கள். கறிவேப்பிலை இப்போது மந்தமாகத்தான் வளரும், மாசி வரை அதை விட்டுவிடலாம்.

முள்ளங்கி விதைக்கலாம், நாற்று விடாமல் நேரடியாக. டிசம்பர் தொடக்கத்தில் போட்டால் 45 நாளில் பொங்கல் குழம்புக்குக் கிழங்கு கிடைத்துவிடும். நீலகிரி, கொடைக்கானல் வாசகர்களுக்குக் கணக்கே வேறு. உறைபனி இறங்கும் இரவுகளில் நாற்றுகளைப் பொழுது சாயும்போதே மூடிவிட்டு, வெயில் ஏறிய பின் திறக்க வேண்டும்.

மார்கழிக் கோலத்துக்குப் பூசணிப்பூ பறிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருந்தால் அது பெண்பூ, அதைத் தொடாதீர்கள். நீண்ட காம்போடு நிற்கும் ஆண்பூவைப் பறியுங்கள். அதிலும் ஒன்றிரண்டைக் கொடியிலேயே விட்டுவையுங்கள். காலையில் தேனீ வரும்போது மகரந்தம் இருந்தால்தானே பிஞ்சு காயாகும்!

அன்புடன்,
ஆசிரியர்